மிஸ்டு காலை எடுத்தவள்

எங்கள் வீட்டுக்குள் முதலில் நுழைந்த ஆங்கிலச் சொல் 'மிஸ்'. அதற்கு இரண்டே பொருள் என்று மூன்றாம் வகுப்பு வரை நம்பியிருந்தேன். ஒன்று, எங்கள் வகுப்பு ஆசிரியை. இன்னொன்று, அப்பா வருகிறார்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. கடலுக்குப் போனால் வாரம் தாண்டும். திரும்பும்போது டவர் கிடைத்ததும் வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரே ஒரு ரிங். அம்மா உலை வைப்பாள். எடுத்தால் அப்பாவின் பேலன்ஸ் போய்விடும், அதனால் யாரும் எடுக்கக் கூடாது. அந்த ஒரு ரிங்கையே அவர் குரலாகக் கேட்டுப் பழகியிருந்தேன்.

ஒருநாள் வகுப்பில் மிஸ், பஸ்ஸைத் தவறவிட்டாலும் 'மிஸ்'தான், பக்கத்தில் இல்லாதவரை நினைத்து ஏங்கினாலும் 'மிஸ்'தான் என்றார். ஆசிரியையைக் கூப்பிடும் மிஸ், மிஸ்ட்ரஸின் சுருக்கம், மற்றது குறி தவறுவதைச் சொன்ன பழஞ்சொல், இரண்டுக்கும் ஒட்டுறவில்லை என்பதெல்லாம் கல்லூரியில் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு ஏக்கம் மட்டும் போதுமாயிருந்தது. அதை அப்பாவிடம் ஆங்கிலத்திலேயே சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொல்லத் தெரிந்த முதல் ஆள் நான்.

போனை மடியில் வைத்துக் காத்திருந்து, அடித்ததும் எடுத்தேன்.

"நைனா, ஐ மிஸ் யூ!"

இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே அப்பா பதறினார். "இன்னா கண்ணு? மிஸ்ஸு அட்ச்சாங்களா?"

"அய்யோ, அந்த மிஸ் இல்ல நைனா..."

"அயுவாத. வந்துகினே கீறேன். காலீல இஸ்கூலாண்ட வந்து இன்னான்னு கேக்குறேன்."

பேலன்ஸ் தீர்ந்து பேச்சு அறுந்தது. அம்மா தலையில் குட்டினாள். "மிஸ்டு காலை எவளாச்சும் எடுப்பாளா? பட்ச்ச புள்ளயாம்!"

மறுநாள் காலை, மீன்வாடைச் சட்டையோடு அப்பா வகுப்பு வாசலில் நின்றார். மிஸ் சிரித்துக்கொண்டே பொருளை விளக்கினார். அப்பா சிரிக்கவில்லை. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அப்டி சொன்னா திருப்பி இன்னா சொல்றது டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டார். மிஸ் சொல்லிக்கொடுத்த 'மிஸ் யூ டூ'வை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். தோழிகள் கவனிக்கிறார்களே என்று நான் குனிந்துகொண்டேன்.

அடுத்த முறை படகு திரும்பிய சாயங்காலம், போன் ஒரு ரிங்கோடு நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்து, மறுபடி அடித்தது.

நான் தொடவில்லை.

"நைனா கட் பண்ண மறந்துட்ச்சிம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, சமர்த்தாக அரிசி களையப் போனேன்.