கூச்சலுக்கு மேலே மட்டும்

"கதை வேண்டாம், சுருக்கமா சொல்லு" என்றபடியே கணினியில் ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறாள். திரையில் மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று அடங்குகின்றன. பக்கத்து மேசைக்காரனும் பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொள்கிறான். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'சுருக்கம் அக்கா'தான்.

மருந்துக் கிடங்கு ஒன்றின் ஃபிரிட்ஜ்களைக் கண்காணிக்கும் நிரல், ரூபி என்ற கணினி மொழியில் அவள் எழுதியது. தான் செய்வதையெல்லாம் அது பதிவு செய்யும். எதை எழுதுவது, எதை விழுங்குவது என்பது தனிக் கோப்பில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது. நிரலைத் தொடவே வேண்டாம். அற்பமானதிலிருந்து ஆபத்தானதுவரை பதிவுகளுக்கு மொத்தம் ஐந்து படிகள். புத்தகத்திலுள்ள பெயர்கள் அவளுக்கு ஆகாது. அவள் வைத்தவை, கீழேயிருந்து புலம்பல், சேதி, முணுமுணுப்பு, கூச்சல், ஒப்பாரி! "கூச்சல்ல வச்சோம்னா அதுவும் ஒப்பாரியும் மட்டும்தான் வரும். நிம்மதி. ஆனா ஒண்ணு, எழுதாம விட்டதை அப்புறம் தலைகீழா நின்னாலும் தேடி எடுக்க முடியாது" என்பாள்.

இவ்வளவு தெரிந்தவள் வீட்டில் என்ன செய்தாள்? கணவர் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர், வாய் ஓயாத மனிதர். பட்டறைக் கூரையில் பூனை குட்டி போட்டதிலிருந்து முதலாளியின் புதுச் செருப்புவரை ஒன்று விடமாட்டார். ஒருநாள் எரிச்சலில், "முக்கியமானதை மட்டும் சொல்லுங்களேன், புண்ணியமாப் போகும்" என்றுவிட்டாள். நல்ல மனுஷன், அப்படியே கேட்டுக்கொண்டார். வீடு அமைதியானது. அப்பாடா என்றிருந்தாள், பாவி.

போன மாதம் அவருடைய வலது கை இயந்திரத்தில் சிக்கியது. விரல்கள் தப்பியதே பெரிய விஷயம். தையல் போட்ட மருத்துவர், "இதுக்கு முன்னாடியே கை மரத்துப்போயிருக்கணுமே, எப்போலேர்ந்து?" என்று கேட்டார். "அது... கொஞ்ச நாளாவே" என்று இழுத்தார் கணவர். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"ஏங்க, என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"மரத்துப்போறதெல்லாம் ஒரு விஷயமா? அப்பப்ப வரும், போகும். நீதானே முக்கியமானதை மட்டும் சொல்லச் சொன்னே?"

அவர் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். விரல்களில் உணர்வு திரும்புமா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. திரும்பாவிட்டால் பட்டறை வேலை அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள்.

"சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? வெட்டியா வீட்ல இருக்கேன்."

"வெட்டிக் கதைதான் வேணும். காலையில எழுந்ததுலேர்ந்து ஆரம்பிங்க."

இடது கையால் பல் துலக்கிச் சட்டையெல்லாம் பேஸ்ட் ஆனதில் தொடங்குகிறார். அவள் அவருடைய வலது கையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்துகிறாள். பேச்சு பூனைக்குட்டிகளுக்குத் தாவுகிறது. மோதிர விரலுக்கு வரும்போது அவர் ஒரு நொடி நிறுத்துகிறார்.

"இதுல லேசா எறும்பு ஊர்ற மாதிரி... சின்ன விஷயம், விடு."

அவள் விடவில்லை. "எப்போலேர்ந்து?" என்று கேட்டு, அந்த விரலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள்.