இரண்டாவது சாட்சி

வைத்தியர் பார்க்காத மரணத்தைப் பதிய இரண்டு சாட்சிகள் வேண்டும். ஊரில் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற நான்தான், அவர் கேட்காமலே, வெளிநாட்டுக்கு வந்து குடியிருக்கும் எங்கள் மல்வேர்ன் தொடர்மாடிக் காவலாளிக்கு இந்த விதியைச் சொன்னேன். நரைத்த மீசைக்காரர். யாழ்ப்பாண வரைபடத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றி, போரில் செத்தவர்கள் விழுந்த இடங்களில் பெயரோடு புள்ளி வைப்பார். ஒவ்வொரு புள்ளிக்கு முன்பும் கண்ணாடியைத் துடைப்பார்.

“உங்கட மகளுக்கு ஏன் இன்னும் புள்ளி வைக்கேல்லை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கண்ட சாட்சி நான் ஒராள்தானே அண்ணை. மற்றது பக்கத்து வீட்டுக்காரி. அவ இப்ப வன்னியில. கடிதம் போட்டிருக்கிறன்.”

“உது பதிவுக் கந்தோர் இல்லை. வையுங்கோ.”

“விதி சொன்னது நீங்களெல்லே?”

பதினாறு மாதம் கழித்து, அவளிடமிருந்து வந்த சாட்சிக் கடிதத்தைச் சரிபார்க்க என்னிடம் நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக, வாசிக்காமலே “சரி” என்றேன். நான் அப்படிச் சொன்ன நாள் 1997 சித்திரை மூன்றாம் திகதி.