நெருப்பில்லாத சாமான்

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என் அக்காள் கணவர் போர்மேன். காலையில் வாசலில் வாட்ச்மேன் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். தீப்பெட்டி, பீடி, செல்போன் எல்லாம் அங்கேயே ஒரு மரப்பெட்டிக்குள் போய்விடும். புகையிலைப் பொட்டலத்தை மட்டும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் நெருப்பு இல்லையே. பீடி பிடிக்க வழியில்லாததால் அங்கே ஆண்களில் பலர் கன்னத்துக்குள் புகையிலை அடக்குகிறவர்கள். அத்தானுக்கு வேலையில் சேர்ந்த வருஷத்திலிருந்தே இடது கன்னம் சற்று உப்பலாகத்தான் இருக்கும்.

போன ஆவணியில், தீபாவளி ஆர்டர்கள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம், அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் கிராம்பு வைத்தார். அடங்கவில்லை. பிறகு புகையிலையையே பல்லோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மரத்துப் போகிறது, இதுவே மருந்து என்றார். பிள்ளையார் சதுர்த்தி கொழுக்கட்டையைக்கூட அவர் வலப்பக்கமாகவே மென்றதைப் பார்த்துவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருக்க பல்லைக் கிளீன் பண்ணப் போவேல்ல, இந்த மனுசனையும் இளுத்துக்கிட்டுப் போடா."

ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனோம். சிவகாசி வரைக்கும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து என்னைக் கேலி செய்துகொண்டே வந்தார்.

"வலிக்காத பல்லைக் கொண்டுபோயி டாக்டர்கிட்ட காட்டுற ஆளு நம்ம சில்லாவிலேயே நீ ஒருத்தன்தான் மாப்ளே."

பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மாவிடம் சொன்னார்: "இந்த ஒத்தப் பல்லைப் பிடுங்கி விட்ருங்க. எனக்கு லோடு ஏத்தணும்."

"பிடுங்குறதுக்கு அவசரப்படாதீக. நல்லா வாயைத் தொறங்க அண்ணாச்சி."

"இம்புட்டுத்தான் வரும்."

இரண்டு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. அதையும் அந்த அம்மா கவனித்துக்கொண்டார். வலிக்கிற பல்லைத் தட்டிப் பார்த்தார். ஈறோரமாகப் பல்லில் ஏறியிருந்த காரையைக் கிளறிப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தார். இதெல்லாம் எனக்குப் பழக்கமான வரிசை. எனக்கு இதைச் செய்யும்போது, பல்லைச் சுத்தம் செய்ய இத்தனை சுற்றா என்று நானும் நினைத்ததுண்டு. கடைசியில் சிறு கண்ணாடியால் இடது கன்னத்தை விலக்கியவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்கன்னத்தில், பழைய சுவரில் சுண்ணாம்பு பொருக்கு விட்டதுபோல, ஒரு வெள்ளைத் திட்டு.

"போயிலையை இங்கனதான் அடக்குவீகளா?"

"பீடி, சிகரெட்டு கையால தொட்டது கெடையாது டாக்டரம்மா. இது நெருப்பில்லாத சாமான்." அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

அந்த அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "இதுக்கு நெருப்பு வேண்டாம் அண்ணாச்சி. இது கேன்சரா மாறலாம். மதுரையில ஒரு துண்டு எடுத்துச் சோதிக்கணும்" என்றார்.

"தீபாவளி முடியட்டும்."

"கம்பெனியில வெடிமருந்து சிந்திக் கெடந்தா, சீசன் முடியட்டும்னு விட்டுருவீகளா?"

திரும்பி வரும்போது அத்தானிடம் கேலி இல்லை.

புரட்டாசியில் மதுரைக்குப் போய்த் தசை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வரும்வரை அக்கா குழம்பில் மிளகாயைக் குறைத்து, சோற்றைக் குழைய வடித்தாள். அவள் அடுப்படிக்குள் போகிற நேரம் பார்த்து, அவர் அலமாரிக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து நிற்பார். இதற்கிடையில் சிவகாசி டாக்டரம்மா தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். காரையைச் சுரண்டி எடுத்தார். கன்னத்தை உரசிக்கொண்டிருந்த பல் முனையை மழுங்க வைத்தார். அத்தான் பிடுங்கச் சொன்ன பல்லை வேர்வரை சுத்தம் செய்து அடைத்து, காப்பாற்றிக் கொடுத்தார். பல் வலி போயே போய்விட்டது. போன காரியம் முடிந்தது என்று எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முடிவு வந்தது. இன்றைக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. நாளைக்கு ஆகாது என்று சொல்ல முடியாது. புகையிலையை அறவே விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

அன்றே விட்டார். சீசனின் உச்சத்தில், தூக்கமும் புகையிலையும் இல்லாமல், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். தீபாவளி முடிந்து கம்பெனி மறுபடி திறந்த நாளில், புகையிலைப் பொட்டலத்தையும் மரப்பெட்டியில் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்ற ஒருவன், "போர்மேன் பல்லு வெளக்கிட்டு வந்துட்டாருலே, இனி நமக்கும் வெளக்கி விடுவாரு" என்றானாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். முதலாளிக்குக் கோபமெல்லாம் இல்லை, பொறுமையாகவே சொன்னார் என்றார் அத்தான்.

"போயிலையைப் புடுங்குனா, எவனாவது மடியில பீடியை ஒளிச்சுக் கொண்டாருவான். ஒருத்தன் மருந்துச் செட்டுக்குப் பின்னால பத்த வச்சா அம்புட்டுப் பேரும் போயிருவோம். அது வாயிலயே இருக்கட்டும்யா."

மறுநாள் பொட்டலங்கள் பழையபடி உள்ளே போயின.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் இதை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே நாக்கு அந்த இடத்தைத் துழாவிக்கொண்டே இருப்பது கன்னத்தில் தெரிந்தது.

"மொதலாளி சொன்னது தப்பா மாப்ளே?"

மருந்து கலக்கும் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"என்கூட மருந்து கலக்குறவன் ஒருத்தனுக்கு துளி மொளகா பட்டாலும் வாயெல்லாம் எரியுதாம். வாயைத் தொறலே, பாப்போம்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான்."

அடுத்த சோதனைக்குத் தை பிறக்க வேண்டும். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, விரலால் கன்னத்தை விலக்கிக்கொண்டார். நான் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். வெள்ளை தெரிந்தது. குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?

"அப்படியேதான் இருக்கு அத்தான்."

"மெய்யாவா?" என்றார், வாயை மூடாமலே.

வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனேன்.