கோது வெட்டும் மெசின்

துவக்குச் சுடுவதைப் பொழுதுபோக்கு என்று சொல்லும் மனிதரை நான் முதன்முதலில் சிட்னியில்தான் பார்த்தேன். செவன் ஹில்ஸில் நான் வேலை செய்த சின்னப் பட்டறையின் முதலாளி அவர். வெள்ளைக்காரர், அறுபதை நெருங்கியவர், யாருக்கும் சத்தம் போடாதவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனம் கோயிலுக்குப் போகிற நேரத்தில் அவர் துவக்கையும் ஒரு போத்தல் தேநீரையும் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போவார். தூரத்தில் குத்தி வைத்த கடதாசியைச் சுட்டு ஓட்டையாக்கி, திங்கட்கிழமை அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டுவார். நாங்கள் பார்த்து மெச்ச வேண்டும். நானும் மெச்சினேன். அகதி வழக்கின் முடிவு வரும்வரை தரும் பிரிட்ஜிங் விசாவில் இருந்த எனக்கு வேலை கொடுக்க அந்த வட்டாரத்தில் வேறு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் குப்பியை எங்கள் பக்கத்தில் கோது என்போம். ஊரில் கோது என்றால் பிள்ளைகளை எட்டப் போகச் சொல்வார்கள். இவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, மினுக்கி, தானே வெடிமருந்து நிரப்பித் திரும்பவும் சுடுவார். கடையில் புதிதாக வாங்குவதைவிட அது குறி பிசகாதாம். ஒரேயொரு தொல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் கோதின் கழுத்து மயிரளவு நீண்டுவிடும். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டாவிட்டால் துவக்கில் சரியாக உட்காராது. அதற்கென்று கையால் சுற்றும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார். பெருவிரல் மூட்டில் வாதம் வந்ததிலிருந்து அதைச் சுற்ற முடியாமல் போனது.

இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு கூத்துக் காட்டினார். பேட்டரி டிரில்லைச் சரித்து வைஸில் இறுக்கி, அதன் விசையைக் குழாய் வளையத்தால் கட்டித் தானாக ஓட விட்டு, தோல் கையுறையோடு கோதைப் பிடித்து அதன் வாயை டிரில்லில் பூட்டிய கட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்று சரிவாக வெட்டுப்பட்டது. ஒன்று அளவுக்கு மேல் குறைந்தது. ஒன்று கையை விட்டுப் பறந்து என் சாப்பாட்டுப் பெட்டியில் வந்து விழுந்தது. அவர் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, உனக்கு லேத் வேலை தெரியுமே, இதற்கு ஒரு வழி செய்து தருவாயா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகில் வந்து தடுப்புமுகாமில் கிடந்த காலத்தில் என்னை விசாரித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த லேத் வேலையைப் பற்றித்தான். ஊரில் என்ன கடைந்தாய்? தண்ணீர்ப் பம்புக்குப் புஷ், உழவு மெசினுக்கு அச்சு. வேறு? வேறொன்றும் இல்லை. துவக்கு ரவை? இல்லை. ரவைக்கு ஏதாவது பாகம்? இல்லை, தொட்டதே இல்லை. மொழிபெயர்ப்பாளருக்கே என் பதில் மனப்பாடம் ஆகியிருந்தது. அது சத்தியமான உண்மை. சண்டை நடந்த ஊரில் நான் ஒருநாளும் தொடாத சாமானை, சண்டையே இல்லாத ஊரில் முதலாளி என் கையில் தந்தார். என் பாதுகாப்பு விசாரணையின் முடிவு அப்போதும் வரவில்லை.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் என்று பின்னால் எனக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் அந்த விசாவில் இருந்ததில்லை.

செய்தேன். பட்டறை மூலையில் தூசி பிடித்துக் கிடந்த நிற்கும் டிரில் மெசினைத் துடைத்து எடுத்தேன். கட்டரை மேலே, அலகைப் பிடிக்கும் சக்கில் பூட்டினேன். கீழே மேசையில் வைக்க இரும்புக் கட்டை ஒன்றைக் கடைந்து, கோது நேராக நிற்கும் அளவுக்குத் துளை போட்டு, ஒரு பக்கம் பிளந்து, சின்னக் கைப்பிடி ஒன்றை வைத்தேன். கைப்பிடியைத் தள்ளினால் கோது அசையாது. கட்டரின் நடுவில் கோதின் வாய்க்குள் நுழையும் ஓர் ஊசி, மெசினின் தண்டில் குறித்த ஆழத்துக்கு மேல் இறங்கவிடாத வளையம். பிடியை இழுத்தால் சர்ரென்று ஒரு சத்தம், பொன் நிறத்தில் கொஞ்சம் சீவல், வேலை முடிந்தது. வாயின் உள்ளும் புறமும் பிசிறு தட்டினால் போதும். முதலாளி வேனியரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் ஒரே அளவு. என் முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் படித்த தொழிலை இந்த நாட்டில் முதன்முதலில் செய்தது அன்றைக்குத்தான், அதுவரை பெட்டி அடுக்கிக்கொண்டும் நிலம் கூட்டிக்கொண்டும் இருந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கோது வெட்டுவது என் வேலையானது. எந்த வேலையிலும் அளவுக்கென்று ஒரு மாதிரியை ஒதுக்கி வைப்பது எங்கள் பழக்கம். முதலில் சரியாக வந்த கோதை அளவுக் கோதாக வைத்துக்கொண்டு, வளையத்தை அதற்குத்தான் சரிபார்ப்பேன். மேசையில் வைத்தால் முதலாளி மற்றவற்றோடு அள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். அதனால் அதை ஓவரோலின் மேல் பையில் போட்டுப் பொத்தானும் பூட்டிவிடுவேன்.

அப்போது நான் நார்த்மீட்டில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தேன். வீட்டுக்கார அக்கா எங்கள் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். அவரும் அத்தானும் எனக்குப் பல வருடம் முன்னமே விமானத்தில் வந்து, சிற்றிசனும் எடுத்துவிட்டவர்கள். இரண்டு நீலப் பாஸ்போர்ட்டும் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கும், விளக்கு வைக்கும்போது அவற்றுக்கும் திருநீறு விழும். முகாமிலிருந்து வெளியே வந்த என்னை விலாசம் கொடுத்து ஏற்றவர்கள் அவர்கள்தான். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கோப்பை இருந்தது. ஏன் பிந்தினாய் என்று கேட்க ஆள் இருந்தது. எனக்கு அது அறை இல்லை, வீடு. சிட்னியில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை அக்கா வழக்கம்போல எல்லாருடைய உடுப்பையும் சேர்த்து மெசினில் போட்டிருக்கிறார். என் ஓவரோலும் அதில் போயிருக்கிறது. மெசின் சுற்றச் சுற்ற உள்ளே ஏதோ தட்டுப்படுகிற சத்தம். நிறுத்தித் துழாவியிருக்கிறார். கையில் வந்தது என் அளவுக் கோது.

ஊரில் அக்காவின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதே ஒரு கோதுக்காகத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைகள் விளையாடப் பொறுக்கி வந்து வீட்டு வளவில் போட்டிருந்த ஒன்று. சுற்றிவளைப்பில் வந்த ஆமிக்காரர்கள் அதைக் கண்டார்கள், பக்கத்தில் நின்றவன் அவன். திரும்பி வரவே இல்லை. அதன் பிறகு வளவைக் கூட்டும்போது அப்படி ஏதும் தட்டுப்பட்டால், துணியில் சுற்றிக் கிணற்றில் போட்டுவிட்டுத்தான் அக்கா அடுத்த வேலை பார்ப்பாராம். இதெல்லாம் அத்தான் பிறகு சொன்னது.

நார்த்மீட்டில் கிணறு இல்லை. குப்பை வாளியில் போட்டால் யாராவது கிளறிப் பார்ப்பார்கள் என்று பயம். அக்கா அதைப் பழைய சீலைத் துண்டில் சுற்றி, ஒரு கடைப் பையில் முடிந்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டார். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் கோதைத் தேடிவிட்டு, பட்டறையில் விழுந்திருக்கும் என்று வேறொன்றை அளவுக்கு எடுத்துக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் கழிப்பறை பொங்கியது. அத்தான் பிளம்பரைக் கூப்பிட்டார். அவன் நீண்ட கம்பியை விட்டுக் குடைந்து, அந்த முடிச்சை இழுத்து எடுத்து, பின்வளவுப் புல்லில் வைத்து அவிழ்த்தான். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சீலைக்குள்ளிருந்து கோது வெளியே வந்ததும் அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தானின் நிறமே மாறிவிட்டது. இது எங்களுடையது இல்லை, முன்பு இருந்தவர்களின் சாமானாக இருக்கும் என்று, நல்ல இங்கிலீஷ் தெரிந்தவர், தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

பிளம்பர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவனும் சுடுகிற கூட்டம்தான் போல. கோதைக் கழுவி, வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன வடிவான வெட்டு, யார் செய்தது, எந்த மெசின் என்று கேட்டான். அத்தானை அந்தப் பொய்யிலிருந்து காப்பாற்றலாம் என்று நினைத்து, அது என் வேலையிடத்துச் சாமான், மறந்து பையில் வந்துவிட்டது என்றேன். அவன் என்னைப் பிடித்துக்கொண்டான். கோதை எதில் நிறுத்துகிறாய், ஆழத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறாய். நானும் புல்லில் குந்தியிருந்து, விரலால் கீறிக் காட்டினேன். அவன் ஏதோ பகிடி சொல்ல இரண்டு பேரும் சிரித்தோம். நிமிர்ந்தபோது குசினி ஜன்னலில் அக்காவின் முகம். கோதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரனோடு சிரிக்கும் என்னை அவர் பார்த்தது அந்த ஒரு பார்வைதான். அதற்கு முன்பு அந்த வீட்டில் நான் செய்த எல்லாம் அதோடு அடிபட்டுப் போனது.

பிளம்பர் போனதும் குசினியில் கூட்டம் கூடியது. அத்தான் கதிரையில் இருந்து மேசை விரிப்பைப் பார்த்தபடி தம்பியின் கதையைச் சொன்னார். வெறும் பித்தளை, பட்டறையில் எல்லாருக்கும் தெரிந்து செய்கிற வேலை, இந்த நாட்டில் முதலாளியிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று நான் விளங்கப்படுத்தினேன். அத்தான் தலையாட்டினார். ஓம், ஓம், எல்லாம் விளங்குது என்றார். அக்கா அடுப்படியிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"தம்பி, உம்மில பிழை எண்டு நான் சொல்லேல்லை. ஆனா எனக்கு இன்னொரு வீட்டை விட்டு ஓட ஏலாது."

"அதுக்கு நானோ அக்கா ஓடுறது?" என்றேன்.

அத்தான், அடுத்த கிழமைக்குள் வேறு இடம் பார்த்தால் போதும், அவசரம் இல்லை என்றார். நீலப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பயமாம், ஒன்றும் இல்லாத நான் வெளியே போக வேண்டுமாம். என் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த விசாவுக்கு யார் வீடு தருவார்கள்? கடைசியில் முதலாளிதான் பட்டறையின் பின்னால், பழைய ஃபைல் அடுக்கிய அறையை ஒழித்துத் தந்தார். ஏன் வெளிக்கிட்டாய் என்று கேட்டார், நடந்ததைச் சொன்னேன். கழிப்பறையில் கோது என்றதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த ஞாயிறு கிளப்பில் அது கதையாகப் போனது, திங்கட்கிழமை யார் யார் சிரித்தார்கள் என்றும் வந்து சொன்னார். அக்காவின் தம்பியின் கதையை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை, அது அவருக்குச் சிரிக்கக் கொடுக்கிற கதை இல்லை. அறைக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பைக் கோது ஒன்றில் துளை போட்டுக் கோர்த்து, அன்பளிப்பாகத் தந்தார். நான் வெட்டிய கோதுதான். நன்றி சொல்லி வாங்கினேன்.

அந்த அறையில் படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் நான் செய்த மெசின். செருப்பில் எப்போதும் பித்தளைச் சீவல் குத்தும். வெள்ளிக்கிழமைகளில் கோதை வெட்டிக்கொண்டே அக்காவை மனதுக்குள் திட்டுவேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பிறகு அந்த வீட்டு ரசத்தின் மணம் நினைவுக்கு வரும். அதற்காக என்னையும் சேர்த்துத் திட்டுவேன்.

தீபாவளிக்கு அத்தான் போன் எடுத்தார். அக்கா நண்டு வாங்கியிருக்கிறா, கட்டாயம் வாரும் என்றார். போவதில்லை என்று காலைவரை பிடிவாதமாக இருந்தேன். பிறகு குளித்து, புதுச் சட்டை போட்டு, கோதிலிருந்து திறப்பைக் கழற்றி ஒரு சப்பாத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். கோதை மெசின் மேசையில் வைத்தேன். காற்சட்டைப் பையை உள்வெளியாகத் திருப்பி உதறி, செருப்பின் அடியில் ஒட்டியிருந்த சீவலையும் தட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அத்தான் கதவைத் திறந்தார். உள்ளே விடாமல் வாசல்படியில் நின்றார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"குறை நினையாதையும் தம்பி. அவவின்ர நிம்மதிக்கு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு என் சட்டைப்பையைத் தொட்டார்.

அவர் கை படும் முன்பே என் இரண்டு கைகளும் மேலே போயிருந்தன. கால்களையும் அகட்டிக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. அத்தானின் விரல்கள் காற்சட்டைப் பையில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டு நின்றன. நானே எடுத்துக் காட்டாமல் அப்படியே நின்றேன். அவர் கயிற்றைப் பிடித்து இழுத்து, திறப்பைப் பார்த்து, திரும்பப் பைக்குள் போட்டார். உள்ளே குசினி வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். கை உயர்த்தி நின்ற என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். யாரைக் கண்டாரோ, எனக்குத் தெரியாது.

"சரி தம்பி, வாரும் உள்ளுக்க" என்றார் அத்தான்.

"கையை இறக்கலாமோ அத்தான்?" என்று கேட்டேன்.

குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் இறக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை, அவர் ஓம் என்று சொல்லும்வரை என் கைகள் இறங்கவில்லை.