வாப்பா போகாத கடற்கரை

எனக்குச் சர்க்கரை வந்திருக்காவிட்டால் நான் கடற்கரைப் பக்கமே போயிருக்க மாட்டேன். காரைக்காலிலேயே பிறந்து, நடந்து போகிற தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, நாற்பது வயதுவரை அதை நான் பார்த்தது கொஞ்சம்தான். விருந்தாளி யாராவது வந்தால் சாயங்காலம் கூட்டமாகப் போவோம். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்போம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். டாக்டர் தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று சொன்ன பிறகு, சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரர் போனிலேயே சம்மதம் சொன்னார். சுபுஹுத் தொழுகை முடிந்து வெளுத்ததும் அடுத்த வீட்டு மாமியோடு நடக்க ஆரம்பித்தேன். சில மாதத்தில் மாமி மூட்டுவலி என்று நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை.

முதலில் எடுத்தது ஒரு சிப்பி ஓடு. நகத்தளவு இருக்கும். அதன் முதுகில், யாரோ ஊசியைக் காய்ச்சிப் போட்ட மாதிரி வட்டமாக ஓர் ஓட்டை. கோத்துப் போடுவதற்கு யாரோ துளைத்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் அதே ஓட்டையோடு இன்னொன்று கிடைத்தது, அப்புறம் கைநிறையக் கிடைத்தது. செல்போனில் தேடிப் பார்த்ததில், ஒரு வகை நத்தை இந்தச் சிப்பியின் மேல் ஏறி உட்கார்ந்து, துளை போட்டு, உள்ளே இருப்பதைத் தின்றுவிட்டுப் போய்விடுமாம். அத்தனை அழகான வட்டம் அப்படி வந்தது. அன்று முழுக்க அந்த ஓட்டையே என் கண்ணுக்குள் இருந்தது.

நான் கல்யாண வீடுகளுக்கு மருதாணி போடுகிறவள். அதுவரை நான் போட்டதெல்லாம் எல்லாரும் போடும் மாங்காயும் கொடியும்தான். கடற்கரைக்குப் போக ஆரம்பித்த பிறகு என் மருதாணிக் கோன் வேறு மாதிரி ஓடியது. தண்ணீர் வற்றிய ஈர மணலில் குட்டி நண்டுகள் வளையைச் சுற்றி மண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வைத்திருக்கும். வளையிலிருந்து நாலா பக்கமும் கதிர் போல அந்த உருண்டைகள் வரிசையாகப் போகும். ஒரு மணப்பெண்ணின் புறங்கையில் அதை அப்படியே புள்ளி புள்ளியாக வைத்தேன். ராவணன் மீசை என்று சொல்கிற கடற்கரைப் புல்லின் முள்பந்தை உள்ளங்கையில் வைத்தேன். கணவாய் மீன் ஓட்டின் மெல்லிய வரிகளை விரல்களுக்கு எடுத்துக்கொண்டேன். யாரும் என்ன டிசைன் என்று கேட்கவில்லை. புதுசா இருக்கு என்று மட்டும் சொன்னார்கள்.

மருதாணி சீக்கிரம் அழிந்துவிடும். அது எனக்கு வருத்தமாக இருந்ததால் கறுப்பு மைப் பேனா வாங்கித் தாளில் வரைய ஆரம்பித்தேன். கண்ணும் மூக்கும் உள்ள எதையும் வரையாதே என்று உம்மா சொல்லி வைத்திருந்தது. எனக்கு அதில் சிரமமே இல்லை. உயிர் விட்டுப் போன பிறகு மிச்சம் கிடப்பதைத்தான் எனக்கு வரையத் தோன்றியது. மாடி அறை நிரம்பியது. முட்டை அட்டைகளில் சிப்பிகள், பிஸ்கட் டப்பாக்களில் சவுக்குக் காய்கள், பக்கத்து ஊர் பூவத்தில் ஒரு பனைமரத்தடியில் விழுந்து கிடந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று ஜன்னல் கம்பியில். உம்மா படியேறி வந்து பார்த்துவிட்டு, மீன் நாத்தம் அடிக்குது என்று இறங்கிப் போனது.

என் தங்கை என்னைவிட ரொம்ப இளையவள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, பாரிஸுக்கு வெளியே ஒரு ஊரில் இருக்கிறாள். அங்கே மண்ணில் தட்டும் ஜாடியும் செய்யும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். லீவுக்கு ஊருக்கு வந்தவள் மாடிக்கு ஏறி வந்தாள்.

"லாத்தா, இதெல்லாம் நீயா வரஞ்ச?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். மறுநாள் மத்தியானமும் வந்து உட்கார்ந்தாள். இது எதிலிருந்து வந்தது, இதை எங்கே எடுத்தாய் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் நிறையப் பேசினேன். என் வாழ்க்கையில் வேறு எதைப் பற்றியும் அவ்வளவு பேசியதில்லை. அவள் போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்றபோது, வெளிச்சம் சரியாக விழும்படி நானே தாளைப் பிடித்தேன். கொஞ்சம் சிப்பி வேண்டும் என்றபோது, இருப்பதில் நல்லதை எல்லாம் பழைய கைலித் துணியில் சுற்றி டப்பாவில் அடுக்கி அவள் பெட்டியில் வைத்தேன். உடையாமல் போய்ச் சேர்ந்தது என்று அவள் போன் பண்ணியதும்தான் எனக்கு நிம்மதி.

அடுத்த வருஷம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அங்கே இருக்கும் தமிழர் ஒருவர் நடத்தும் சேனல். உம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வெள்ளைச் சுவர் உள்ள ஒரு கண்காட்சி ஹாலில் தங்கை பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையாக அவள் செய்த தட்டுகள். ஒன்றில் என் நண்டு உருண்டைகள் நீலத்தில் இருந்தன. இன்னொன்றில் துளைபோட்ட சிப்பி. ஓரத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், நான் துணி சுற்றி அனுப்பியவை.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். உண்மையைச் சொன்னால், என் கோடு அவ்வளவு பெரிய தட்டில் வந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம் அந்த ஆள் அவளிடம், இந்த ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்டார்.

"சின்ன வயசுல எங்க வாப்பா என்ன டெய்லி காலைல கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கையப் புடிச்சிக்கிட்டு நடப்போம். ஒவ்வொரு கிளிஞ்சலா எடுத்து, இதப் பாரு, இதப் பாருன்னு காட்டுவாங்க. எல்லாம் அவங்க குடுத்ததுதான்" என்றாள் தங்கை.

எங்கள் வாப்பா மலேசியாவில் கடை வைத்திருந்தார். சில வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு பேசாது. உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். தங்கை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில் உடம்பு கெட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தார். சாகும்வரை முன்னறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தார். அவர் கடற்கரைக்குப் போய் நான் பார்த்ததில்லை. நான் போனேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ஒரு சாயங்காலம் சொல்லாமல் போய்விட்டு, பாவாடைக் கரையில் மணலோடு வந்தேன். பொம்பளைப் புள்ளைக்குக் கடக்கரையில் என்ன வேலை என்று கேட்டுக் கன்னத்தில் அறைந்தார். காது இரைந்துகொண்டே இருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தங்கை அழுதாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வீடியோ முடிந்ததும் உம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"ஆமா, கூட்டிட்டுப் போவாங்க. ரெண்டு பேரும் அப்படித்தான் போவாங்க" என்றது.

அன்றைக்கே தங்கைக்குப் போன் பண்ணினேன். டிசைனைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன் என்று நினைத்து, உன் பெயரைச் சொன்னேன் லாத்தா, அவர்கள் வெட்டிவிட்டார்கள் என்றாள். நான் அதைக் கேட்கவில்லை என்றேன். வாப்பா எப்போது உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார் என்று கேட்டேன்.

அவள் குரல் உயர்ந்தது.

"இங்க உள்ளவங்க கேக்குறப்ப என்ன சொல்லச் சொல்ற? எங்க வாப்பா கட்டில்ல படுத்துக்கிட்டுத் திட்டிக்கிட்டு இருந்தாங்கன்னா? நல்ல மனுஷனாத்தானே காட்டுனேன். அதுல உனக்கு என்ன போச்சு?"

அவள் மேலே பேசினாள். கடற்கரை எல்லாருக்கும் பொது என்றாள். நண்டு போட்டதற்கு நீ எப்படி உரிமை கேட்பாய் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உம்மா தெருவில் உள்ளவர்களிடம் எல்லாம் அந்த வீடியோவைக் காட்டியது. காட்டிக் காட்டிக் கதை வளர்ந்தது. வாப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போவார், சின்னவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார், வரும்போது இருவர் மடியிலும் கிளிஞ்சல் இருக்கும். சொல்லும்போது உம்மாவின் முகம் இளசாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் சொல்லும் அளவுக்கு இருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், வாப்பா என்னை அடித்தது ஞாபகம் இருக்கா உம்மா என்று கேட்டேன்.

"மவுத்தாப் போனவங்களப் பத்தி ஏன் இப்படிப் பேசுற? ஒனக்கு அவங்க மேல எப்பவுமே ஒரு வெறுப்பு" என்றது உம்மா.

மருதாணிக்குக் கூப்பிடுகிறவர்களும் மாறினார்கள். தலத்தெரு பக்கம் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் போனில் அந்த நீலத் தட்டின் படத்தைக் காட்டி, உங்கள் தங்கச்சி பண்ணினதாமே, இதுபோல வைக்க வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். வைத்தேன். அவள் கை நன்றாகச் சிவந்தது.

தங்கை மறுபடி வந்தபோது மாப்பிள்ளையும் வந்திருந்தார். கடற்கரையில் நடந்து சிப்பி பொறுக்குவது போல அவளை ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். அடுத்த கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்கள். வெளிச்சம் எங்கே நன்றாக இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும் என்று என்னையும் அழைத்துப் போனாள். அரசலாறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. அவள் மணலைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். அவள் காலடியிலேயே மூன்று நாலு நல்ல ஓடுகள் கிடந்தன. அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க ஒண்ணுமே இல்லையே லாத்தா" என்றாள்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். கடையில் விற்கும் சங்குகள். எந்தக் கடலில் பிடித்ததோ, மெருகு போட்டுப் பளபளவென்று இருந்தன. அவற்றை மணலில் தூவினாள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நடந்து வருகிறேன், குனியும்போது கையைக் கிட்டத்தில் எடு என்று போனை என்னிடம் நீட்டினாள்.

போனை வாங்கினேன். திரையில் அவள் நடந்து வந்தாள். அழகாகத்தான் இருந்தாள். குனிந்தாள். நான் போனைக் கீழே இறக்கினேன்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றேன்.

"ஒரு நிமிஷ வேல லாத்தா."

"உன் வாப்பாகிட்ட எடுக்கச் சொல்லு."

மாப்பிள்ளை கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். நான் வீட்டுக்கு நடந்தேன். மாப்பிள்ளையே எடுத்துக் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. அந்த வீடியோவும் வந்தது, உம்மாவும் பார்த்தது.

இப்போது தங்கையும் நானும் உம்மாவின் மருந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம். நான் கடற்கரைக்குப் போவதை விட்டுவிட்டேன். நடப்பது தலத்தெரு ரோட்டில்தான். அங்கேயும் கண்ணுக்கு ஏதாவது படத்தான் செய்கிறது, இலவங்காய் வெடித்தது, கொன்றைக் காயின் உள்ளறைகள், பூச்சி அரித்த ஓர் இலையில் நரம்பு மட்டும் மிஞ்சி நிற்பது. எடுத்து வருகிறேன். வரைகிறேன். பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிடுகிறேன். யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பது பெரிய சுகம் ஒன்றும் இல்லை. வரைந்து முடித்ததும் யாராவது இது எதிலிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்களா என்று இன்னமும் இருக்கிறது. அந்த ஆசைதான் எனக்குப் பிடிக்கவே இல்லை.

போன வாரம் சோறு போடும்போது உம்மா கேட்டது, ஏன் இப்போதெல்லாம் கடற்கரைக்குப் போவதில்லை என்று. கால் வலிக்கிறது என்றேன். உம்மா கொஞ்சம் யோசித்தது.

"ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம் அவங்க" என்றது. "நீதான் அப்பல்லாம் வர மாட்டேன்னு அடம் புடிப்ப."

நான் குழம்பு ஊற்றினேன்.