வெள்ளைச் சோறும் என் செத்த காலும்

மாட்டோடு போட்டி போட்டுத் தவிட்டுத் தண்ணீர் குடித்தவன் நான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. மனைவி மட்டும் உடனே நம்பிவிடுகிறாள்.

அப்போது பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். தோட்டத்தில் எங்களுக்கு அளந்து போடுவது புழுங்கல் அரிசி. நிறம் பழுப்பு, வாசம் நனைந்த சாக்கு. அம்மாவின் ஒரே தம்பி, அதாவது என் மாமா, ஈப்போ பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தில் காவல் வேலை பார்த்தார். தைப்பூசத்துக்குப் போன அப்பா, என்னைச் சில நாள் அவரிடம் விட்டு வந்தார். சுரங்கத்துச் சீனர்களின் சமையல்கட்டில்தான் மாமாவுக்கும் சாப்பாடு. தீட்டித் தீட்டி முத்தாக்கிய வெள்ளை அரிசிச் சோறு, ஒரு துண்டு கருவாடு.

“பாருலா மருமவனே, மல்லியப்பூ மாதிரி! மச்சான் திங்கிறதெல்லாம் ஒரு சோறா?”

நானும் அள்ளி அள்ளித் தின்றேன். மாமாவுக்கு முகமும் காலும் உப்பியிருந்தன. “டவுன் சாப்பாடுலா, உடம்பு பூசுது” என்றார். மேடு ஏறும்போது நின்று நின்று மூச்சு வாங்கினார். அதையும் பணக்கார லட்சணம் என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் துரையும் அப்படித்தானே ஏறுவார்!

தோட்டத்துக்குத் திரும்பியதும் ஜம்பமாக அலைந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கார டிரெசர் லயத்துக்கு வரும்வரை. பெண்களை உட்காரவைத்து அவர் மிரட்டிக்கொண்டிருந்தார். “தோட்டத்து அரிசிய வித்துட்டுக் கடையில வெள்ளரிசி வாங்குறீங்களாம்ல? அரிசியோட சத்தெல்லாம் தவிட்டோட போயிடுது. அதையே தின்னா மொதல்ல காலு மரத்துப்போவும். அப்புறம் வீங்கும். அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்கும். கடைசில நெஞ்சு நின்னுரும்!”

ஓரமாகக் குந்திக் கேட்டுக்கொண்டிருந்த நான் பதறி எழுந்தேன். எழுந்தேன் என்பது பேச்சுக்கு. இடது காலைக் காணோம்! கிள்ளினேன். வேறு யாருடைய காலையோ கிள்ளியது போல இருந்தது. மரத்துப்போயாயிற்று. அடுத்தது வீக்கம், அதற்கடுத்தது நெஞ்சு. சத்து தவிட்டில் என்றால் தவிடு எங்கே? பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில்! ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய்த் தலையைத் தொட்டிக்குள் விட்டேன். மாடு முட்டியது. நானும் விடவில்லை.

அம்மா பின்னங்கழுத்தைப் பிடித்து இழுத்தாள். “அட பாவி, மாட்டுத் தண்ணிய ஏண்டா குடிக்கிற?”

“கால் செத்துப்போச்சும்மா! வெள்ளச் சோறு தின்னுட்டேன்! நான் சாவப்போறேன்!”

லயமே திரண்டு சிரித்தது. “மாட்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வைடா தம்பி!” என்றது ஒரு குரல். டிரெசர் என் முழங்காலுக்குக் கீழே விரலால் அமுக்கிப் பார்த்தார். “குழியே விழலியே. ரொம்ப நேரம் குந்தியிருந்தா கால் மரக்கத்தான் செய்யும். எந்திரிச்சு ஓடு.”

உயிர் பிழைத்ததைவிட, எல்லோரும் சிரித்ததுதான் எனக்கு ரோஷமாகிவிட்டது. “எனக்கு விழலன்னா என்ன? மாமா கால்ல விழுதே! நான் அமுக்கி அமுக்கி வெளயாண்டேன். பெசஞ்ச மாவு மாதிரி, குழி அப்படியே நின்னுச்சு!”

சிரிப்பு நின்றது. அம்மா டிரெசரைப் பார்த்தாள். டிரெசர் அப்பாவைப் பார்த்தார். மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது அப்பா இல்லை. ஈப்போவுக்குப் போய்விட்டிருந்தார்.

அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா வந்து இறங்கினார். வாசற்படி ஏறவே அவருக்கு மூச்சு முட்டியது. அப்போதும், “ஒண்ணுமில்லக்கா, கொஞ்சம் பூசியிருக்கேன், அவ்வளவுதான்” என்றார்.

“வாய மூடிக்கிட்டுக் குடிடா” என்று அம்மா தவிட்டுக் கஞ்சியை நீட்டினாள். அப்புறம் பாசிப்பயறு, புழுங்கல் சோறு, மறுபடி கஞ்சி. வீக்கம் மெல்ல வடிந்தது. மாமா சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து பழகினார்.

எனக்கோ பொறாமை பொங்கியது. காலைப் பறிகொடுத்தவன் நான், உபசாரம் அவருக்கு! மாமாவோடு பேசுவதையே நிறுத்தினேன். அவருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். முடியில் இன்னும் தவிடு ஒட்டியிருக்கிறது போலும் என்று நினைத்து, நானும் ஒவ்வொரு முறையும் தலையை உதறிக்கொண்டேன்.