நான்கு விரற்கடை குட்டை

அம்பத்தூர் எஸ்டேட்டில், பழைய அசிட்டோனைக் காய்ச்சிச் சுத்தமாக்கும் டவரை ஓட்டுவது என் வேலை. பகல் ஷிஃப்ட் மட்டும்தான். ஓட்டுவது நான் ஒருவன்தான். அசிட்டோன் 56 டிகிரியில் கொதித்து மேலே வந்துவிடும், தண்ணீர் அடியில் தங்கிவிடும். டவர் உச்சியில் சூடு பார்க்கும் சென்சார் திரையில் 56 காட்டினால் வருவது சுத்தமான சரக்கு. அதற்கு மேல் ஏறினால் தண்ணீரும் கூடவே கிளம்பிவிட்டது என்று அர்த்தம்; ஸ்டீமைக் குறைக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை.

போன வருடம் தொடர்ந்து மூன்று பேட்ச் தண்ணீரோடு வந்தது. திரையில் 56-ஐ விட்டு நான் கண்ணை எடுக்கவே இல்லை என்றேன்; மேனேஜர் நம்பவில்லை. "இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா டவர் பக்கமே வராதீங்க. டிரம் உருட்டப் போயிடுங்க" என்றார். பதினாறு வருடமாக டவர் ஓட்டுகிறேன்.

கருவிகளைப் பார்க்கிற பெண் வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருபவள். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை வந்ததும் வராததுமாக அவள்மேல் பாய்ந்தேன்.

"உன் சென்சார் பொய் சொல்லிக்கினு கீதும்மா. அதால என் பொழப்பு போவப் போவுது."

அவள் டவர் ஏறிச் சென்சாரைக் கழற்றி வந்து, எங்கள் டீ கெட்டிலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் முக்கினாள். 100 காட்டியது.

"சென்சார் கரெக்டா கீதுண்ணா."

கருவி சரி, ஆள்தான் சரியில்லை என்று எழுதிவிட்டு அவள் அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு மறுபடி டவர் ஏறினாள். சென்சார் செருகும் குழாய்க்குள் அதை விட்டு ஆழம் பார்த்தாள். இறங்கி வந்து சென்சாரின் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். சென்சார் நான்கு விரற்கடை குட்டை. நுனி குழாயின் அடியைத் தொடாமல் நடுவிலேயே காற்றில் தொங்கியிருக்கிறது. உள்ளே சூடு அறுபதைத் தாண்டினாலும் திரைக்கு 56 தான் வந்து சேர்ந்திருக்கிறது.

"இத்த யாருண்ணா மாட்னது?"

நான்தான். பழையது பழுதான அன்று அவள் லீவு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்து நானே மாட்டினேன். பெருமையடித்துக்கொள்ளவும் செய்தேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ தப்பு இவரோடதுதானே?" என்று அவளைக் கேட்டார்.

"எங்க செக்‌ஷனோடதும்தான் சார். ரெண்டு நீளத்தையும் ஒரே தட்டுல, சீட்டுகூட ஒட்டாம போட்டு வச்சது நாங்க."

மேனேஜர், "சரியானத மாட்டி நாளைக்கு ஓட்டுங்க" என்றார்.

காலையில் அவளிடம் கத்தியிருந்தேன். மதியத்துக்குள் என் தப்பில் பாதியை அவள் தூக்கிக்கொண்டாள். அவள் சும்மா நின்றிருந்தாலே நான் இன்று டிரம் உருட்டிக்கொண்டிருப்பேன். அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு டீ போட எழுந்தேன்.

"அந்தக் கெட்டில்லயாண்ணா? வேணவே வேணாம். சென்சார அதுல முக்குனதே நான்தான்."

வாசல் டீக்கடைக்கு ஓடினேன்.